காடையர் கலகக்காரர் அல்லர்

உதைபந்தாட்ட மைதானங்களிலே கும்பலாகத் திரண்டு அடிதடியில் இறங்குவோரைப் பற்றி இரு கருத்துகள் வழங்கி வருகின்றன. கல்லாத உழைப்பாளிக் கூட்டத்தின் இயல்பே அதுதான் என்பது ஒன்று. இது மேட்டுக்குடியினரின் பழைய பல்லவி. ஒதுக்கப்பட்ட பாட்டாளி இளைஞனின் வர்க்கக் கோபமே அங்கு வெடிக்கின்றது, ஆகவே அதனைக் கண்டிப்பது நமது வேலையன்று என்பது மற்றையது. இதனைச் சொல்வோர் நமது அணியைச் சேர்ந்த நண்பர்கள். முதலாவதை மறுப்பது எளிது. நம்மை மயக்குவது இரண்டாவதே. இரண்டையும் வரலாற்றின் முன் நிறுத்திப் பார்ப்போம்.

இக்காடைத்தனத்துக்குப் பேர்போன நாடு இங்கிலாந்து. அங்கே உதைபந்தாட்டம் தொழிலாளியின் சனிக்கிழமை அரைநாள் விடுமுறையோடு வளர்ந்த ஆட்டம். 1960களின் பிற்பகுதியில் மைதானத்தின் படிவரிசைகளில் நின்று பார்க்கும் இளைஞரிடையே சண்டைக் குழுக்கள் தலையெடுத்தன. அடுத்த இருபது ஆண்டுகளில் அவை பெயரும் தலைமையும் திட்டமும் கொண்ட கும்பல்களாயின. வெஸ்ட் ஹாம் கழகத்தின் பெயரால் திரிந்த கும்பல், தான் ஏறிச் சென்ற நகரிடைப் புகையிரதத்தின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. அடித்து வீழ்த்தியவன் அருகே அச்சடித்த அட்டையொன்றைப் போட்டுச் செல்வதும் அதன் வழக்கம்.

இவர்கள் அடித்தது யாரை? ஆலைக்குப் பூட்டுப் போட்டவனையா? வீட்டு வாடகையை உயர்த்தியவனையா? இல்லை. 1984-85 இல் பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளர் ஓராண்டுக் காலம் பட்டினி கிடந்து வேலைநிறுத்தம் செய்தனர். வர்க்கக் கோபம் எந்தத் திசையை நோக்க வேண்டும் என்பதற்கு அவர்களே சான்று. அதே காலத்தில் இக்கும்பல்கள் அயலூர்த் தொழிலாளியின் மகனைத் தேடிப் புகையிரதம் ஏறின. கறுப்பின ஆட்டக்காரர் பந்தைத் தொடும்போதெல்லாம் குரங்கொலி எழுந்தது; வாழைப்பழம் வீசப்பட்டது. நிறவெறிக் கட்சியான தேசிய முன்னணி மைதான வாயிலில் நின்று தன் பத்திரிகையை விற்று ஆள் சேர்த்தது. கோபம் உண்மைதான், நண்பர்களே! ஆனால் உண்மையான கோபத்தையும் எதிரி களவாடிச் செல்ல முடியும்.

1985 மே 29 அன்று பிரசெல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் இரசிகருள் ஒரு பகுதியினர் எதிரணியினர் நின்ற பக்கம் பாய்ந்தனர். ஒதுங்கியோர் நெரிந்தனர், சுவர் சரிந்தது. இறந்தோர் 39 பேர். அவருட் பெரும்பாலோர் இத்தாலியர். பாழடைந்த மைதானமும் அதிகாரிகளின் அசட்டையும் குற்றவாளிகளே. எனினும் பாய்ந்தவர்கள் பாய்ந்தவர்களே. இதனை மறைத்து எழுதுவது முற்போக்கு ஆகாது.

இனி ஆளுவோரின் பக்கம் வருவோம். காடையரைக் காட்டியே மைதானமெங்கும் இரும்புவேலி எழுந்தது. இரசிகன் அடைத்துக் காவல் செய்ய வேண்டிய விலங்கானான். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், ஏற்கெனவே நிரம்பியிருந்த அடைப்புகளுக்குள் மேலும் மக்கள் செல்லும்படி பொலிசார் வாயிலைத் திறந்துவிட்டனர். முன்னே வேலி, பின்னே கூட்டம். காயமுற்றுப் பின்னாளில் மாண்டோரையும் சேர்த்து 97 உயிர்கள் போயின. நான்கு நாட்களில் 'சன்' பத்திரிகை, இரசிகர்கள் இறந்தோரின் பைகளில் திருடினர் என்று முதற்பக்கத்தில் பொய் எழுதியது. அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர், இரசிகர்மீது குற்றமில்லை என்று நடுவர் குழு தீர்ப்பளிக்க 2016 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அப்பொய்யை நாடு அவ்வளவு எளிதில் நம்பியது ஏன்? நம்புவதற்கான நிலத்தைக் காடையர் முன்னரே உழுது வைத்திருந்தனர். விதைத்தவர்கள் பொலிசாரும் பத்திரிகை முதலாளியும். அறுவடையோ பிள்ளையைப் பறிகொடுத்த லிவர்பூல் தாயின் கண்ணீர். காடையன் அதிகாரத்தின் எதிரியல்லன், அதன் கைக்கருவி என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

வேண்டுமெனில் யூகோஸ்லாவியாவைப் பாருங்கள். பெல்கிரேட்டின் ரெட் ஸ்டார் கழகத்து இரசிகர் கும்பலுக்குத் தலைமை தாங்கிய 'ஆர்க்கன்' என்பான், 1990 இல் அவர்களிடையே ஆள் திரட்டி ஆயுதப்படை அமைத்தான். படிவரிசையில் பாடிய வாய்கள் 1992 இல் பொஸ்னியாவின் பியெலினா நகரில் முஸ்லிம் குடிமக்களைச் சுட்டுத்தள்ளிய படையில் இருந்தன. காடையர் என்ற சொல்லின் பொருளை 1958 இலும் 1983 இலும் அறிந்த நமது நாட்டில், அவர்களுக்குப் பின்னே எப்போதும் ஓர் ஏவுங்கை இருக்கும் என்பதை விளக்கவும் வேண்டுமா?

இன்று அந்தக் காடைத்தனமும் ஒரு பண்டம். பழைய சண்டியர் தம் 'வீரக்கதை'களை நூலாக்கி விற்கின்றனர். திரைப்படங்கள் அவர்களைத் தோழமையின் இலக்கணமாக்குகின்றன. அவர்கள் அணிந்த விலையுயர்ந்த சட்டை நாகரிகச் சின்னமாகிவிட்டது. 1992 இல் பிரீமியர் லீக் பிறந்தபின் நுழைவுச்சீட்டு விலை ஏறி ஏறி, எவன் ஆட்டமோ அவனே வாயிலுக்கு வெளியே தள்ளப்பட்டான்.

கோபங்கொள்ள வேறு வழியில்லையா? உண்டு. 'சன்' பத்திரிகையை லிவர்பூல் மக்கள் 1989 முதல் இன்றுவரை பகிஷ்கரித்து வருகின்றனர். 2016 இல் 77 பவுண் நுழைவுச்சீட்டை எதிர்த்து, ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் அந்நகரின் ஆயிரக்கணக்கான இரசிகர் எழுந்து வெளியேறினர். சில நாட்களில் முதலாளிகள் பின்வாங்கினர். பரம வைரிகளான லிவர்பூல், எவர்ட்டன் இரசிகர்கள் 2015 முதல் ஒன்றுசேர்ந்து பசித்தோருக்கு உணவு திரட்டுகின்றனர். ஒரு கல்லும் எறியப்படவில்லை. ஒரு தலையும் உடையவில்லை.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! அடிபட்டவனின் கோபத்தைப் புரிந்துகொள்வது நமது கடமை. அக்கோபம் அயலவன் முகத்தில் விழும்போது அதற்கு வர்க்கப் போராட்டம் எனப் பெயர் சூட்டுவது நமது கடமையன்று. வர்க்கத்தைப் பிளப்பவன் வர்க்கப் போராளி ஆகான்.