மயக்க மருந்துக்கு வைட்டமின் சி முறிவா?

"ஆபரேஷனுக்கு முன்னாடி வைட்டமின் சி போடுங்க, மயக்க மருந்து ஹார்மோனைக் கெடுக்காது"ன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. பாதி உண்மை, அதான் ஆபத்து.

எட்டோமிடேட்னு ஒரு மருந்து. பிபியை அவ்வளவா இறக்காது, அதனால இதய நோயாளிகளுக்குப் போடுவோம். ஆனா ஒரே டோஸ் அட்ரினல் சுரப்பியின் கார்டிசால் உற்பத்தியைப் பல மணி நேரம் தடுக்கும். 1983இல் ஐசியூவில் இதைத் தொடர்ந்து ஏற்றியவர்களிடம் மரணம் கூடியதை கிளாஸ்கோ மருத்துவர்கள் எழுதினார்கள். அப்படி ஏற்றுவதே நின்றுபோனது.

வைட்டமின் சி கொடுத்தால் கார்டிசால் ஏறுதுன்னு 80களில் சின்ன ஆய்வு வந்தது நிஜம். ரத்தத்துல நம்பர் ஏறினா ஆள் பிழைச்சுடுவாரா? 2022 லோவிட் ஆய்வில், செப்சிஸ் நோயாளிகளுக்கு அதிக டோஸ் வைட்டமின் சி ஏற்றியதில் மரணமோ உறுப்புச் செயலிழப்போ கூடத்தான் செய்தது.

ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுறீங்களா? அதை மயக்க மருத்துவர்கிட்ட சொல்லுங்க. டப்பா வைட்டமினை நம்பி அதை நிறுத்திட்டு வராதீங்க, ப்ளீஸ்.