24 மணி நேரம் போதாது
படாளம் கூட்டுறவு சர்க்கரை ஆலையில் கற்ற தொழில். இப்போது ஊர் ஊராகப் போய் கொதிகலன் பழுது பார்க்கிறேன். போன் பில், காப்பீட்டு பிரீமியம் எல்லாம் கிரெடிட் கார்டில் தானாகவே போகும். ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிப்படி, பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும், வேண்டாமென்றால் நிறுத்தலாம். 15,000 ரூபாயைத் தாண்டினால் ஓடிபி (பிரீமியம் போன்ற சிலவற்றுக்கு வரம்பு ஒரு லட்சம்). நல்ல விதிதான். ஆனால் பல ஆலைகளில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து பார்த்தால், கடன் வேண்டுமா என்கிற விளம்பரங்களுக்கு நடுவே அந்த ஆங்கிலக் குறுஞ்செய்தி கிடக்கும். அவகாசத்தை மூன்று நாளாக்குங்கள், தமிழிலும் அனுப்புங்கள். அதுவரை பிரீமியத்தை என் மனைவி மதுராந்தகம் போய்க் கட்டிவிடுவாள். கார்டில் போன் பில் மட்டும்தான்.