காணாமல்போகும் சின்னங்களும் கட்டற்ற கலைக்களஞ்சியமும்

தலைநகர் தில்லியின் நடுவில் பாராகம்பா கல்லறைத் தோட்டம் என்றொரு பாதுகாக்கப்பட்ட சின்னம் இருந்தது. அது எங்கே என்று கேட்டபோது, அதைக் காக்க வேண்டிய இந்தியத் தொல்லியல் துறையால் இடத்தைக் காட்ட முடியவில்லை. மத்திய அரசின் பாதுகாப்பில் இருந்த சின்னங்களில் 1,655ஐ நேரில் சென்று பார்த்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், அவற்றில் 92ஐக் காணவில்லை என்று 2013இல் அறிக்கை கொடுத்தார். பிறகு தேடியதில் 42 அகப்பட்டன. எஞ்சிய 50இல் 14 சின்னங்களை நகரப் பெருக்கம் விழுங்கிவிட்டது; 12 சின்னங்கள் அணைகளிலும் நீர்த்தேக்கங்களிலும் மூழ்கிவிட்டன; 24 எங்கே இருந்தன என்றே தெரியவில்லை என்று 2022 டிசம்பரில் நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை பதிவுசெய்தது. 2024இல் 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்து நீக்கும் நடவடிக்கையைத் துறை மேற்கொண்டது. இந்தக் கணக்கில் அஞ்ச வேண்டிய எண் அந்த 24தான். இடிந்த கட்டடத்துக்குக் காரணம் கேட்கலாம், பொறுப்பாளரைத் தேடலாம். எந்த ஆண்டு போனது, எந்த இடத்திலிருந்து போனது என்பதே தெரியாத கட்டடத்துக்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது?

இந்த நிலைக்கு அரசின் பட்டியல்கள் எழுதப்பட்ட விதமே ஒரு முக்கியக் காரணம். சின்னங்களைக் காக்க வந்த 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்திலிருந்து அரசிதழ்களில் வெளியான அறிவிக்கைகள் பெரும்பாலும் ஒரு பெயர், ஒரு கிராமம், ஒரு மாவட்டம் என்ற அளவிலேயே நிற்கின்றன. ஊரும் மாவட்டமும் அப்படியே நிற்பதில்லை. முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த மகேந்திரவாடிக் குகைக் கோயில் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது, பிறகு வேலூர், இப்போது ராணிப்பேட்டை. புகழ்பெற்ற குடைவரை என்பதால் அது தப்பியது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதிகளில் அறிவிக்கப்பட்ட பெருங்கற்காலக் கல்வட்டங்களின் கதை வேறு. படமும் எல்லைக் குறிப்பும் இல்லாவிட்டால், பொட்டலில் கிடக்கும் கற்களுக்கும் சட்டம் காக்கும் சின்னத்துக்கும் என்ன வேறுபாடு என்று பக்கத்து நிலத்துக்காரருக்கு எப்படித் தெரியும்? காவலுக்கும் ஆள் இல்லை. 3,693 சின்னங்களில் 248 இடங்களில் மட்டுமே காவலர்களை நிறுத்த முடிந்திருக்கிறது என்று அதே நாடாளுமன்றக் குழு கூறியது.

காவலர் இல்லாத இடத்தில் ஊரின் கண் இருக்க வேண்டும். அந்தக் கண்ணைத் திறக்கும் வேலையைத்தான் விக்கிப்பீடியாவின் தன்னார்வலர்கள் செய்துவருகிறார்கள். நெதர்லாந்தில் அரசு பாதுகாக்கும் கட்டடங்கள் 60,000க்கும் மேல். அவற்றின் பட்டியலைத் தன்னார்வலர்கள் இணையக் கலைக்களஞ்சியத்தில் ஊர்வாரியாக ஏற்றி, படம் இல்லாத கட்டடங்களுக்குப் படம் தாருங்கள் என்று 2010 செப்டம்பரில் ஒரு போட்டி நடத்தினார்கள். மறு ஆண்டே 18 ஐரோப்பிய நாடுகளுக்கு அது பரவியது, 1.68 லட்சம் படங்கள் குவிந்து, உலகின் மிகப் பெரிய ஒளிப்படப் போட்டி என்று கின்னஸில் இடம்பிடித்தது. 2012இல் இந்தியாவும் சேர்ந்தது. மாநிலவாரிப் பட்டியல்கள் உருவாகி, ஒவ்வொரு சின்னத்துக்கும் தனி எண், ஊர், மாவட்டம், ஜிபிஎஸ் குறிப்பு, படம் என்று ஒரு வரிசை கிடைத்தது. படம் இல்லாத கட்டம் வெறுமையாகவே கண்ணில் படும். அந்த வெறுமையே யாரையாவது அங்கே போகச் சொல்லும். போனவர் எடுக்கும் படத்தில் தேதி இருக்கும். பத்தாண்டு கழித்து இன்னொருவர் எடுக்கும் படத்தை அதன் அருகில் வைத்தால், இடிந்த சுவரும் புதிதாக முளைத்த கடையும் தாமே பேசும். தணிக்கையாளர் எப்போதாவது ஒருமுறை செய்யும் சோதனை, இப்படித்தான் தொடர்ந்து நடக்கும் பொதுச் சோதனையாக மாறுகிறது.

யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய இடத்தில் எழுதியதை எப்படி நம்புவது என்ற கேள்வி நியாயமானது. பிழைகள் நேர்கின்றன, ஒரு கோயிலின் படம் இன்னொரு கோயிலுக்குப் போய்விடுவதும் உண்டு. ஆனால் அங்கே ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாகிறது. கூற்றுக்குச் சான்று கேட்கப்படுகிறது. தவறைக் கண்டவர் அன்றே திருத்தலாம். அரசுப் பட்டியலில் இருந்த பிழைகளோ எவரும் பார்க்காததால் பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தன. இங்கிலாந்து இதில் நல்ல பாடம். அங்குள்ள தேசிய மரபுப் பட்டியலில் சுமார் 4 லட்சம் பதிவுகள் உள்ளன. அதைப் பராமரிப்பது நிபுணர்களைக் கொண்ட அரசு சார்ந்த அமைப்பு. அந்த அமைப்பே 2016இல் பட்டியலைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, உங்களிடம் உள்ள படங்களையும் தகவல்களையும் சேருங்கள் என்று அழைத்தது. எது பாதுகாக்கப்பட வேண்டியது என்பதை நிபுணர் தீர்மானிக்கட்டும். அது இன்று எந்த நிலையில் நிற்கிறது என்பதை அந்தத் தெருவில் வாழ்பவர் சொல்வதில் தடை எதற்கு?

இன்னொரு மறுப்பு கூடுதல் கவனத்துக்குரியது. இடத்தையும் படத்தையும் வெளியிட்டால் சிலைத் திருடர்களுக்கு வழிகாட்டியதாகாதா? தமிழ்நாட்டின் அனுபவம் வேறு விதமாகப் பேசுகிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசர் சிலையை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் விலைக்கு வாங்கியது. அது அந்தக் கோயிலின் சிலைதான் என்பதற்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பே எடுத்துவைத்திருந்த படங்கள் சான்றாயின. 2014இல் சிலை இந்தியா திரும்பியது. திருடர்களுக்கு ஊரும் கோயிலும் முன்பே தெரிந்திருந்தன. மீட்க வந்தவர்களுக்குத்தான் படம் தேவைப்பட்டது. படம் எடுக்கப்படாத சிலைக்கு உரிமை கோருவது மிகக் கடினம். ஆனாலும் அகழாய்வு நடக்காத புதைகுழிகள், பூட்டில்லாத கோயில்களின் செப்புத் திருமேனிகள் போன்றவற்றின் துல்லியமான இடத்தை வெளியிடாமல் இருப்பது விவேகம். கட்டடங்களுக்கு அந்தக் காரணம் பொருந்தாது. மேலும், பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது, அதற்கடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்கிறது 2010ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம். சின்னம் எங்கே என்பதைச் சொல்லாமல், மனை வாங்கும் குடிமகன் இந்தச் சட்டத்தை மதிக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

பட்டியலிட்டுவிட்டால் கட்டடம் தப்பிவிடுமா என்றும் கேட்கலாம். தானாகத் தப்பாது. ஆனால் பட்டியல் இல்லாவிட்டால் வழக்காடக்கூட வழியில்லை. சென்னை அண்ணா சாலையில் 1897இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கும் வேலை 2006இல் தொடங்கியபோது, மரபுக் காப்பாளர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2010இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்திருந்த மரபுக் கட்டடங்களின் பட்டியலைப் பற்றுக்கோடாகக் கொண்டது. அந்தப் பட்டியல் விளம்பரப் பலகைகள் தொடர்பான பணிக்காகத் தொகுக்கப்பட்ட ஒன்று. ஒரு தேவைக்காகச் செய்த பட்டியல் வேறொரு நெருக்கடியில் கேடயமானது. அந்தக் கட்டடம் பின்னரும் ஆண்டுக்கணக்கில் சிதைந்து கிடந்தது உண்மை. ஆனால் இடிந்து மண்ணாகவில்லை.

அப்படியானால், அரசு செய்ய வேண்டிய வேலையைச் சம்பளமில்லாத தன்னார்வலர்களின் தலையில் கட்டுவதா? கட்டக் கூடாது. இருவரின் வேலையும் வேறு வேறு. மத்தியத் தொல்லியல் துறையும், 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சின்னங்களைக் காக்கும் தமிழ்நாடு தொல்லியல் துறையும் தங்கள் பட்டியல்களை முழுமையாக வெளியிட வேண்டும். அரசிதழ் எண், அறிவிக்கை நாள், சர்வே எண், எல்லை, இன்றைய வட்டம், மாவட்டம் ஆகியவை எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கோப்பாக, தமிழிலும் கிடைக்க வேண்டும். அது கையில் இருந்தால், மீதியைக் குடிமக்கள் பார்த்துக்கொள்வார்கள். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ஒன்றரை லட்சம் கட்டுரைகளைக் கடந்துவிட்டது. அதை வளர்த்தவர்கள் தன்னார்வலர்களே. பொது இடத்தில் நிற்கும் கட்டடத்தைப் படம் எடுக்கப் பதிப்புரிமைச் சட்டமும் இடம் கொடுக்கிறது. வரலாற்றுத் துறை உள்ள ஒவ்வொரு கல்லூரியும் தன் வட்டத்துச் சின்னங்களை ஆண்டுக்கு ஒருமுறை நேரில் பார்த்துப் படமும் குறிப்பும் ஏற்றுவதை மாணவர் பணியாக ஏற்கலாம். ஒரு சின்னம் இருக்கிறதா என்று அறிய நாடு இன்னொரு தணிக்கை அறிக்கைக்குக் காத்திருக்கக் கூடாது. அந்த ஊரின் ஏதேனும் ஒரு மாணவர் சென்ற ஆண்டு எடுத்த படமே அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்கான முதல் கோப்பைத் திறந்துவிடுவது அரசின் கையில் இருக்கிறது.