பொம்மைப் படமும் கலைதானா?

கலை என்றதும் நம் நினைவுக்கு வருவன எவை? உரோமையின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கேல் ஆஞ்சலோ தீட்டிய ஓவியங்கள். ரஃபேல் வரைந்த மாதா படங்கள். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் பெரிய கண்களோடு நாம் வரையும் பொம்மைகளை எவரும் கலை என்பதில்லை. "படிக்கிற நேரத்தில் என்ன கிறுக்கல்?" என்ற கேள்விதான் பரிசாகக் கிடைக்கும். ஆனால் அத்தகைய பொம்மைப் படங்களிலிருந்து பிறந்த ஓவியங்களும் சிலைகளும் 2010ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் வெர்சாய் அரண்மனையிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றைப் படைத்தவர் தகாஷி முரகாமி என்னும் ஜப்பானியர். இது கலைக்கு உயர்வா, தாழ்வா? உயர்வே என்பது நம் கருத்து. அதற்குரிய காரணங்களைச் சற்று காண்போம்.

1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமா மீதும், 9ஆம் நாள் நாகசாகி மீதும் அணுகுண்டுகள் வீசப்பட்டன. தோல்வியுற்ற ஜப்பான் 1952 வரை அந்நியப் படைகளின் ஆதிக்கத்தில் இருந்தது. அதன் முதல் சில ஆண்டுகளில் அணுகுண்டின் கொடுமையை எழுதத் தணிக்கை குறுக்கிட்டது. உணவுக்கும் காகிதத்திற்கும் பஞ்சம். அக்காலத்தில் மட்டக் காகிதத்தில் மலிவு விலையில் வந்த படக்கதைகளே குழந்தைகளின் மகிழ்ச்சி. ஒசாக்கா நகரின் குண்டுவீச்சில் உயிர் தப்பிய மருத்துவ மாணவர் ஒசாமு தெசுகா படக்கதை எழுதத் தொடங்கினார். 1951இல் அவர் படைத்த இயந்திரச் சிறுவனின் பெயர் 'ஆட்டம்', அதாவது அணு! நாட்டை எரித்த அணுவின் பெயரையே ஒரு குழந்தைக்குச் சூட்டி, அவனை மனிதருக்கு உதவுபவனாக்கினார்.

1954 மார்ச்சில் பிக்கினித் தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையில், ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றிலிருந்த 23 பேர் கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவ்வாண்டு நவம்பரிலேயே, ஹைட்ரஜன் குண்டால் விழித்தெழுந்து டோக்கியோவை அழிக்கும் காட்சில்லா என்ற பூதத்தின் திரைப்படம் வெளிவந்தது. வெறும் பொழுதுபோக்கு என்று இதைத் தள்ளிவிட முடியுமா? ஒரு நாடே தன் அச்சத்தைத் திரையில் கண்டது அன்றோ?

இவற்றைப் பார்த்து வளர்ந்த தலைமுறையினரே பின்னாளில் ஓவியர்களாயினர். 1962இல் பிறந்த முரகாமி மரபுவழி ஜப்பானிய ஓவியம் பயின்று, 1993இல் முனைவர் பட்டம் பெற்றவர். ஹொக்குசாய் போன்ற பழைய ஓவியர்களின் மரஅச்சுப் படங்களில் நிழலும் ஆழமும் குறைவு. கோடும் நிறமுமே பேசும். இன்றைய படக்கதையும் அப்படித்தான். இவ்விரண்டும் ஒரே வழியில் வந்தவை என்று 2000ஆம் ஆண்டில் ஒரு கண்காட்சி வைத்து, அதற்கு 'சூப்பர்ஃபிளாட்' என்று பெயரிட்டார்.

அவருடைய தாயாரின் ஊர் கொக்குரா. இரண்டாவது குண்டு அந்நகருக்கே குறிக்கப்பட்டிருந்தது. மேகமும் புகையும் மறைத்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. மேகம் விலகியிருந்தால் நீ பிறந்திருக்க மாட்டாய் என்று தாய் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் முரகாமி. அதே வேளையில் நாகசாகியின் மாதா பேராலயத்தில், விண்ணேற்புத் திருநாளுக்கு ஆயத்தமாகப் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்திருந்தோரும் குருக்களும் ஒருவர் மீதியின்றி மாண்டனர். கண்கள் எரிந்து குழிகளாகிப்போன மாதாவின் மரச்சிரசு ஒன்று பின்னர் இடிபாடுகளில் கிடைத்தது. திருத்திச் செப்பனிடாமல் அப்படியே இன்றும் அங்கு வைத்திருக்கிறார்கள்.

முரகாமியின் சிரிக்கும் பூக்களை இந்நினைவோடு பார்க்க வேண்டும். 1975இல் தொலைக்காட்சியில் வந்த ஒரு பொம்மைப் படத்தில், வில்லர்கள் தோற்கும்போது மண்டையோட்டு வடிவில் புகை எழும். குழந்தைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். அது அணுகுண்டுப் புகையே என்று காட்டி, முரகாமி அதைப் பெரிய ஓவியமாக்கினார். 2005இல் நியூயார்க்கில் அவர் அமைத்த கண்காட்சியின் பெயர் 'லிட்டில் பாய்'. ஹிரோஷிமாவை அழித்த குண்டின் பெயரும் அதுவே. யோஷிதோமோ நாரா என்பவர் வரையும் சிறுமியரோ பெரிய தலையும் முறைத்த கண்களுமாக நிற்பார்கள். குழந்தைக்கும் கோபம் உண்டு என்று அவை சொல்கின்றன.

எனினும் குறைகளைக் கூறாமல் விடுவது நேர்மையன்று. நாராவின் ஓவியம் ஒன்று 2019இல் ஹாங்காங்கில் ஏறத்தாழ 2.5 கோடி அமெரிக்க டாலருக்கு ஏலம் போயிற்று. முரகாமியின் பூக்கள் விலையுயர்ந்த கைப்பைகளிலும் ஏறின. மட்டக் காகிதத்தில் ஏழைக் குழந்தைக்குக் கிடைத்த படம், இன்று செல்வரின் உடைமையாயிற்று.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. தம் நாட்டார் பட்ட துன்பத்தை உருக்கமாகச் சொல்லும் இக்கலை, அந்நாட்டுப் படையினர் பிறருக்கு இழைத்த துன்பத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. 1937இல் சீனாவின் நான்கிங் நகரம் பட்ட பாடும், 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் ரயில் பாதையில் மலேயாவின் தோட்டத் தமிழர் ஆயிரமாயிரமாக மடிந்ததும் எந்தச் சிரிக்கும் பூவில் இருக்கின்றன? தன் கண்ணீரை மட்டும் வரைவது பாதி உண்மையே.

ஆனாலும் பாதி உண்மையைச் சொன்னது ஒரு பொம்மைப் படம் என்பதற்காக அதை இகழலாகாது. மீதிப் பாதியையும் சொல்லும்படி அதனிடம் கேட்கலாம். கலையை மதிப்பது என்பது அதுவே. ஆகவே பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே, எங்கள் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழிக்குமுன் ஒரு நொடி உற்றுப் பாருங்கள். தோழியரே, நாமும் அழகாக இருக்கிறது என்று மட்டும் வரைந்து நிறுத்தாமல், சொல்வதற்கு ஏதேனும் வைத்துக்கொண்டு வரைவோம்.