வீணாப்போன முட்டையா? யாருங்க சொன்னது?

எங்க குடும்பக் குழுவுல போன வாரம் ஒரு ஃபார்வர்டு. "பெண் சிசுவின் லட்சக்கணக்கான முட்டைகள் பிறக்கும் முன்பே போட்டியில் தோற்று வீணாகின்றன. வலியதே வெல்லும்!" அனுப்பினது சித்தப்பா. குழந்தைக்காக வருஷக்கணக்கா ஆஸ்பத்திரி ஏறி இறங்குற அத்தை பொண்ணு, படிச்ச கையோட குழுவை விட்டே போயிட்டா. அதான் இந்தப் பதிவு.

கணக்கு சரிதான். ஐந்தாம் மாதக் கருவில் அறுபது, எழுபது லட்சம் இனச்செல்கள். பிறக்கும்போது பத்து, இருபது லட்சம். ஆனா 'போட்டி', 'வீண்' எல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு சாமிகளா?

எலியைப் பாருங்க. கருவின் பத்து, பதினோராம் நாள்ல இனச்செல்கள் சினைப்பை உருவாகிற இடத்துக்கு வந்து சேருது. அங்க பிரியும்போது முழுசாப் பிரியறதில்லை. நடுவுல சின்னப் பாலம் விட்டு, கூட்டாவே இருக்கு. பெப்ளிங், ஸ்ப்ராட்லிங் இருவரும் 1998-ல் இதைக் காட்டினாங்க. பழ ஈயில் இந்தக் கதை முன்னமே தெரியும்: பதினாறு செல் கூட்டு, முட்டையாகிறது ஒண்ணு, மத்த பதினஞ்சும் ஊட்டுற செவிலிகள்.

எலியிலும் அப்படித்தான்னு லெய் லெய், ஸ்ப்ராட்லிங் 2016-ல் சொன்னாங்க. கூட்டாளிச் செல்களோட மைட்டோகாண்ட்ரியா, கோல்கை எல்லாம் பாலம் வழியா சிலதுக்குள்ள போய்ச் சேருது. கிட்டத்தட்ட ஐந்தில் ஒண்ணுதான் முட்டையாகுது. கொடுத்த செல்கள் செத்துப்போகுது. அதாவது செத்தது வீணில்லை. அதோட சரக்கு முட்டைக்குள்ள இருக்கு.

உடனே "ஆஹா, தியாகம்! தாய்மை!"ன்னு கிளம்பிடாதீங்க. அதுவும் உடான்ஸ்தான். டெக்ஸ்14 மரபணு இல்லாத எலியில் நிலையான பாலமே உருவாகாது. ஆண் மலடு, ஆனா பெண் குட்டி போடுது! இயற்கை யாருக்கும் நீதிக்கதை எழுதலை. மனுஷக் கருவிலும் பாலங்கள் இருக்கு. அதுக்காக எலிக் கணக்கை அப்படியே மனுஷங்களுக்குத் தூக்கிட்டு வரவும் கூடாது.

நான் கேக்கறது ஒண்ணுதான். செல்லுக்கு வெற்றி, தோல்வின்னு பட்டம் கட்டுறவங்க, அடுத்து அந்தப் பட்டத்தை ஒரு பொண்ணு தலையிலதான் கட்டுறாங்க. அத்தை பொண்ணுக்கு நேத்து போன் போட்டு இந்தக் கூட்டுச் செல் கதையைச் சொன்னேன். "இதை உங்க சித்தப்பாவுக்கு ஃபார்வர்டு பண்ணுண்ணா"ன்னா.

பண்ணிட்டேன். ரெண்டு நீல டிக் விழுந்துச்சு. பதில்தான் இன்னும் வரலை :-)