மங்கலா எரியுற விளக்குக்கு ஒயரிங்கையே மாத்தணுமா?

காரை நிறுத்தி, கதவைப் பூட்டியாச்சு. ஆனா உள்ளே புதுசா போட்ட எல்இடி மட்டும் மங்கலா மினுங்குது. பொங்கலுக்கு ஊருக்கு வர்ற பட்டணத்துச் சொந்தங்க எல்லாருக்கும் இதே புகார்தான். "ஒயரிங்கை மாத்தணும்னு சொல்லிட்டாங்க மாமா" என்று பில்லையும் காட்டுவார்கள்.

எதுக்குங்க மாத்தணும்? பெரும்பாலும் ஒயரிங்கில் ஒரு குறையும் இருக்காது. பழைய குண்டு பல்பு 12 வோல்ட், 5 வாட். அது எரிய 400 மில்லி ஆம்பியருக்கு மேல் வேண்டும். விளக்கை இயக்கும் மின்னணுப் பெட்டி, அணைத்த பிறகும் சில மில்லி ஆம்பியர் கசியவிடும். குண்டு பல்புக்கு அது சோளப்பொரி. எல்இடிக்கோ விருந்துச் சாப்பாடு!

பூட்டிட்டு அரை மணி நேரம் பாருங்க. தானா அணைஞ்சா அந்தப் பெட்டி தூங்கிடுச்சுன்னு அர்த்தம், விட்டுடுங்க. அணையலைன்னா 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒண்ணு போதும். பல்பின் இரண்டு முனைக்கும் இணையாகக் கொடுத்து, மேலே ஸ்லீவ் மாட்டணும். கசிவு அது வழியா போயிடும். செலவு சில ரூபாய்தான்.

இதுக்குப் போய் கூரையைப் பிரிக்க விடாதீங்க. பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் அங்கேதான் மடிஞ்சு கிடக்கு. மினுங்கலைவிட அந்தக் கைவைப்புதான் ஆபத்து.

மோட்டார் ஓடலைன்னா நாங்க முதல்ல ஃபியூஸைத்தான் பார்ப்போம். புதுக் கிணறு வெட்டக் கிளம்ப மாட்டோம்.