வக்கீல் வைக்க வழியற்றவர்கள்

சென்னையில் ஓட்டப் பந்தயங்களுக்கு இப்பொழுது குறைவில்லை. நற்காரியங்களுக்கு நிதி திரட்ட ஆயிரக்கணக்கானோர் அதிகாலையில் ஓடுகின்றனர். இங்கிலாந்திலோ, குடியேற்றச் சட்டத்தின்படி காவலில் வைக்கப்பட்டோருக்காக ஜாமீன் கோரி வழக்காடும் ஒரு தர்ம ஸ்தாபனத்திற்காகவும் ஓடுகிறார்கள். அந்நியனுக்கு வக்கீல் வைப்பதும் ஒரு தர்மமா என்று நகைப்பவர்களுக்கு 1914-ம் வருஷத்தை ஞாபகப்படுத்துகிறோம். கோமகட்டா மாரு கப்பலில் சென்ற 376 இந்தியரில் பெரும்பாலோரை வான்கூவரில் இறங்கவிடாமல் கனடா ஸர்க்கார் இரண்டு மாதம் தடுத்தபொழுது, கரையிலிருந்த இந்தியர் பணம் திரட்டி வெள்ளைக்கார வக்கீல் ஒருவரை அமர்த்தினார்கள். வழக்குத் தோற்றது, ஜூலை 23-ல் கப்பல் திரும்பியது. அப்பணம் வீணென்று இன்று எவர் சொல்வார்?

நம் நாட்டு நிலைமையைக் கவனிப்போம். 1990 முதல் இலங்கைத் தமிழர் சிலர் ‘சிறப்பு முகாம்’களில் அடைக்கப்பட்டு வருகின்றனர். திருச்சி முகாம் மத்தியச் சிறை வளாகத்திலேயே இருக்கிறது; ஆயினும் அதைச் சிறையென்று சொல்லலாகாதாம்! 2022 நவம்பர் 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு விடுதலை செய்த சாந்தன், வீடு செல்லாமல் அம்முகாமுக்கே சென்றார். இலங்கை திரும்பும் தறுவாயில் 2024 பிப்ரவரி 28-ல் சென்னை அரசு ஆஸ்பத்திரியில் மாண்டார். 1946-ம் வருஷத்து அந்நியர் சட்டம் போய், 2025 செப்டம்பர் முதல் புதுச் சட்டம் வந்துவிட்டது. எனினும், தான் அந்நியனல்லவென்று நிரூபிக்கும் பாரம் முன்போலவே அகப்பட்டவன் தலையில்தான். அரசியல் சட்டத்தின் 21-வது ஷரத்து பிரஜைக்கு மட்டும் பேசவில்லை. மனிதர் யாவருக்கும் பேசுகிறது. இலவசச் சட்ட உதவியும் ஏட்டில் உண்டு. ஆனால் திருச்சியில் அடைபட்டவன் மதுரை ஹைக்கோர்ட்டுக் கிளையில் ரிட் மனுப் போட, நகல், பிரயாணம், வக்காலத்து என்று ஒவ்வொன்றுக்கும் ரொக்கம் வேண்டும்.

முகாமிலிருப்போரில் கடத்தல் வழக்குகளில் சிக்கியவரும் உண்டே என்பார்கள். உண்டு, குற்றத்தைத் தீர்மானிப்பது கோர்ட்டின் வேலை. வக்கீல் கிடைத்தால் நேர்வதென்ன? 2021-ல் டீகோ கார்ஸியா தீவில் சிக்கிய தமிழரைக் காவலில் வைத்தது சட்டவிரோதமென்று 2024 டிசம்பரில் அத்தீவின் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்தது. லண்டன் வக்கீல்கள் தலையிட்டிராவிடில் அவர்கள் இருந்ததே உலகுக்குத் தெரிந்திராது.

ஆகவே நமது யோசனை இது: இராயபுரத்தில் தொடங்கி, காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை கடலோரமாக ஒரு பந்தயம் நடத்துவோம். (கன்டெய்னர் லாரிகள் வழிவிட வேண்டும், அதுவே பெரிய காரியம்.) இலங்கைச் சிறையில் அடைபடும் நம் மீனவருக்கு இந்தியத் துணைத் தூதரகம் யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி செய்கிறது. அதன் அருமையை வலைஞர் குடும்பங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. சேரும் தொகை கோர்ட்டுச் செலவுக்கே போகவேண்டும். எக்கட்சிக்கும் காலணா கூடாது. கணக்கு மாதந்தோறும் பத்திரிகையில் வரவேண்டும். நம் கறுப்பு அங்கித் தோழர்கள் பீஸை விட்டுக்கொடுத்தால் பாதிச் செலவு மிஞ்சும். மீனவர் சங்கங்களும் துறைமுகத் தொழிற் சங்கங்களும் முன்வந்தால், போலீஸ் அனுமதிக்கான மனுவை எழுதித் தர நாம் தயார்.